செங்கமலத்துக்கு முன்னால் வந்த செங்கமலம்

செங்கமலம் கரீபியன் கடலின் குராசோ தீவில் வந்து இறங்கியபோது, அவள் அங்கே வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இது அவளுக்குத் தெரியாது. திருச்சியில் விமானம் ஏறி, நடுவில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏறி, ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பனி கொட்டுவதைப் பார்த்தபடி ரொட்டிக்குள் வைத்த குளிர்ந்த சீஸைத் தின்ன முடியாமல் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, கடல் கடல் கடல் என்று போய்க்கொண்டே இருந்த விமானம் ஒருவழியாகக் கள்ளிச்செடியும் வெயிலுமாகக் கிடந்த அந்தத் துண்டு நிலத்தில் இறங்கியபோது, அவள் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்தக் கேள்வியைத் தம்பியிடம் கேட்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தாள்.

பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி கம்ப்யூட்டரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துக் கூண்டில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் எட்டிப் பார்த்து, மழை வருமா என்று கேட்டதற்கு வரும் என்று சொல்கிறவரைப் போலத் தலையாட்டினார். இவர் முத்திரையைக் குத்தி, "போன் பினி" என்று அந்த ஊர் பாஷையில் வரவேற்றுவிட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொரு தடவையும் "போன் பினி" என்றார். எல்லோருக்கும் இரண்டு தடவை சொல்வார்கள் போலிருக்கிறது என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள்.

வெளியே அவள் தம்பி திருநாவு, வேலைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையைக்கூட மாற்றாமல், வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அவனைப் பார்த்து. காதோரம் நரைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் அழுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அழவில்லை. ஏற்கெனவே அழுது முடித்தவன் போல இருந்தான்.

"அக்கா, நீயும் வந்துட்டியா?" என்றான்.

அந்த 'நீயும்' என்ன 'நீயும்' என்று காரில் போகும் வழி முழுக்க அவளுக்குப் புரியவில்லை.

செங்கமலத்துக்குப் பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிராமம். பக்கிரிசாமிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் கல்யாணத்தின்போதே, இவளை அங்கே கொடுப்பது, பக்கிரிசாமியின் தங்கை மங்கையைத் திருநாவுக்கு எடுப்பது என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சு. மங்கைக்கு வயது வந்ததும் நிச்சயம் செய்து, பந்தல் போட்டு, சமையலுக்கு அடுப்பு வெட்டி, வாழைமரம் கட்டிய அன்று காலையில் திருநாவு கடைத்தெருவுக்குப் போனவன் போனவன்தான். பம்பாயில் இருக்கிறான் என்றார்கள், கப்பலில் போய்விட்டான் என்றார்கள், கடைசியில் இந்தத் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருக்கிறான், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான் என்று சேதி வந்தது. மங்கைக்கு அதன்பிறகு ஒன்றும் அமையவில்லை. அமைத்தாலும் அவள் வேண்டாம் என்றாள். ஒரு தையல் மிஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருந்துவிட்டாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போனவனின் அக்கா அதே வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

திருநாவு என்ற பெயரை அந்த வீட்டில் செங்கமலத்தைத் தவிர யாரும் சொல்வதில்லை. அவள் தினமும் சொன்னாள். அரிசி களைந்துகொண்டே சொன்னாள், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே சொன்னாள், கொடியில் துணியை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள். வெளங்காதவன், நாசமாப்போறவன், ஒரு பொண்ணு வாழ்க்கைய மிதிச்சிட்டுப் போன காலு புழுத்துப்போக என்று காலையில் ஆரம்பித்தால், பசங்கள் பள்ளிக்கூடம் போய், பெரியவர்களாகி, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டிய பிறகும் அந்த வசவு நிற்கவில்லை. அவள் வைய ஆரம்பித்ததும் தாழ்வாரத்தில் மிஷின் சத்தம் நின்றுவிடும். முடிந்ததும் மறுபடி ஓடும்.

திருநாவுதான் போனில் கூப்பிட்டான். டிக்கெட்டும் அனுப்பினான். புறப்படும்போது மங்கை பருப்புப் பொடியும் வடகமும் கட்டிக் கொடுத்துவிட்டு, "ஏன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க அண்ணி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வீடு துறைமுகத்தைப் பார்த்த தெருவில் இருந்தது. முன்பக்கம் வளைவு வளைவாக முகப்பு வைத்து, பழுத்த மாம்பழ நிறம் பூசிய வீடு. அதன் முன்னறையில் திருநாவின் மனைவி லுத்வினா பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். வாசல்படியில், பெரிய பூப்போட்ட கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மடியில் முறம் மாதிரி ஒரு தட்டை வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் செங்கமலம்.

காரிலிருந்து இறங்கிய செங்கமலம் அவளைப் பார்த்தாள். அதே மூக்குத்தி, அதே புருவத் தழும்பு. ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று குறைவாக இருந்தது. என்ன என்று சட்டென்று பிடிபடவில்லை.

"யாரு நீ?"

"நான்தான்" என்றாள் வாசல்படியில் இருந்தவள்.

"அப்ப நான்?"

"நீயும்தான். உள்ள வா. காலெல்லாம் எப்படி வீங்கியிருக்கு பாரு."

"எப்படி வந்தே?"

"என்னைக் கேட்டா? டிக்கெட் வந்திருக்குன்னு பெரியவன் போன்ல காட்டுனான்ல, அப்பவே மனசு கெளம்பிருச்சு. நானும் கூடவே கெளம்பிட்டேன். நீ வீட்டைப் பாக்கணும், கெடேரிய ஆள்கிட்ட ஒப்படைக்கணும்னு நின்னுட்ட."

லுத்வினா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வாட்டசாட்டமான பெண், கையில் சீப்பு. அவள் தமிழை முழுக்க முழுக்கத் திருநாவிடம் கற்றவள், அவன் அவளுக்கு வேலையிடத்துத் தமிழைத்தான் கற்றுக்கொடுத்திருந்தான். பெண்களும் அவளுக்கு 'அவன்'தான், 'டா'தான்.

"வாடா அக்கா!" என்று கட்டிக்கொண்டாள். "இவன் உனக்கு முன்னாடி வந்துட்டான். நீ லேட்டுடா. சாப்பிடுடா, சாப்பிட்டா எல்லாம் புரியும்."

சாப்பிட்டும் புரியவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் சோளமாவுக் களியும் வெண்டைக்காய் சூப்பும் வைத்தார்கள். முதலில் வந்தவள் சீஸைத் துண்டு துண்டாக எடுத்து, மாங்காய்ப் பத்தை தின்கிற மாதிரி தின்றாள். ஹாலந்தில் படிக்கிற திருநாவின் மகளுடைய காலி அறையில் ஏற்கெனவே ஒரு பெட்டி திறந்து கிடந்தது. செங்கமலம் தூக்கி வந்த அதே பெட்டி, அதே சணல் கயிறு. அதற்குள்ளும் மங்கை கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி இருந்தது, பாதி தீர்ந்து.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் மற்றவளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா அவன்கிட்ட?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சொன்னான். அழுதான். நானும் அழுதேன். சரி போடான்னுட்டேன்."

"சரி போடாவா! காரணம் என்னடி சொன்னான்?"

மற்றவள் தலையைச் சொறிந்தாள். "என்னமோ சொன்னான். அப்பா அடிச்சது... கடலு... கேக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. அழுத அழுகையில நெனப்பில்ல. அதை இப்ப வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

அப்போதுதான் அந்த முகத்தில் குறைந்திருந்தது என்ன என்று செங்கமலத்துக்குத் தெரிந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவே, கோபத்தில் சுருங்கிச் சுருங்கி விழுந்திருந்த கோடு அவளுக்கு இல்லை.

தம்பியிடம் போனாள். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, பரிதாபமாகப் பார்த்தான். "ஒரு தடவ சொல்லிட்டேனேக்கா. அதைச் சொல்றதுக்குள்ள எனக்கு உசிரு போயிருச்சு. திரும்பவும் சொல்லுன்னா எப்படி?"

"நீ என்கிட்ட சொல்லல."

"உன்கிட்டதான் சொன்னேன்."

தன்னிடம்தான் சொல்லியிருக்கிறான். தனக்குத்தான் தெரியவில்லை.

தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காலத்தில் ஹாலந்துக் கப்பல்களில் வருகிறவர்கள் இப்படி வருவதுண்டு, உடம்பு ஒரு கப்பலிலும் மனசு ஒரு கப்பலிலும் ஏறினால் வேறென்ன ஆகும் என்றார் எதிர்வீட்டு ஷோன் ஃபெலிப்பி. துறைமுக வாயிலின் மிதக்கும் பாலத்தைக் கப்பல் வரும்போதெல்லாம் திறந்து மூடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஷோன் என்பது மரியாதைக்கு முன்னால் போடுவது. தெருவுக்கு இருந்த பிரச்சினை வேறு. முதல் செங்கமலம் வந்தபோது, விருந்தாளி வந்த வீட்டுக்கு வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி பலகாரம் போயிருந்தது. இப்போது மறுபடி கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? வந்தவள் ஒருத்திதான், ஒரு சட்டிதான் என்று மூலைவீட்டுக்காரர்கள் சொல்ல, வயிறு இரண்டு என்று லுத்வினா சொல்ல, கடைசியில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பாதிரியாரிடம் கேட்டார்கள். அவர், ஆசீர்வாதத்தை நான் இரண்டு தடவை கொடுத்துவிட்டேன், பலகாரம் உங்கள் இஷ்டம் என்றார். சட்டிகள் மறுபடி வந்தன. பெயர் குழம்பாமல் இருக்க, 'அக்கா' என்பதையே பெயராக வைத்துக்கொண்டு, முதலில் வந்தவளை அக்கா ப்ரோமே, அதாவது முதல் அக்கா என்றும், அடுத்து வந்தவளை அக்கா தோஸ், இரண்டாம் அக்கா என்றும் தெரு கூப்பிட்டது. கவுன் போட்டவள் ப்ரோமே, புடவை கட்டியவள் தோஸ்.

ப்ரோமே காலையில் பெண்களோடு கடலில் இறங்கிக் குளித்தாள். சாயங்காலம் அவர்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாஷை தெரியாமலே சிரித்தாள். தோஸ் கடைக்குள் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்க்கண்ணாடியில் தம்பி வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்து வைதுகொண்டிருந்தாள். காற்று அந்தத் தீவில் ஒரே திசையிலிருந்து ஓயாமல் அடிக்கும். மரங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளரும். அவள் வசவும் அப்படி ஓயாமல் அடித்தது. தன் கோபம் தன்னிடம் இருக்கிறது, ஆனால் தானே அதை விட்டும் விட்டோம் என்றால், மிச்சம் இருக்கிற இது யாருடையது என்று நடுநடுவே அவளுக்குக் குழம்பும். குழம்பினால் இன்னும் சத்தமாக வைவாள்.

முதலில் தலைமுடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள்தான் அதைக் கேட்டார்கள். பிறகு கேட்பதற்கென்றே வந்தார்கள். ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் விளங்கத் தேவையில்லை என்றார்கள். ஒருநாள், மீன் விற்கிற ரொசாலினா என்கிற பெண், தலையில் சுருட்டிகளோடு அப்படியே எழுந்துவந்து, தன் கைபேசியைச் செங்கமலத்தின் முன்னால் நீட்டினாள்.

"அவன் மகன் ராட்டர்டாம்ல இருக்கான்" என்று லுத்வினா விளக்கினாள். "கிறிஸ்துமஸ், பிறந்தநாள், ஒண்ணும் கூப்பிடல. இவன் வாய்ல திட்டு வரல, அழுகைதான் வருது. நீ திட்டுடா அக்கா."

"எனக்கென்ன தெரியும் அந்தப் பையனை?"

"எந்தப் பையனும் ஒரே பையன்தாண்டா."

செங்கமலம் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டது. "ஏண்டா, பெத்தவ செத்தாளா இருக்காளான்னு கேக்க உனக்கு ஒரு நாக்கு இல்ல? அவ பால்தான குடிச்ச?" என்று ஆரம்பித்தாள், அவ்வளவுதான், அது தானாகப் போயிற்று. முடிகிற வரைக்கும் அந்தப் பையன் போனை வைக்கவில்லை. மறுநாள் அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். அதன்பிறகு கடைவாசலில் கூட்டம். புருஷன் வெனிசுவேலாவுக்குப் போய்த் திரும்பாதவள், தங்கையோடு இருபது வருஷமாகப் பேச்சில்லாதவள், ஒருத்தி செத்துப்போன மாமியாரின் போட்டோவையே எடுத்துக்கொண்டு வந்தாள். செங்கமலம் எல்லோருக்காகவும் வைதாள். போகும்போது அவர்கள் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஊரில் இத்தனை வருஷம் வைததற்கு மாமியார் "நடிக்கிறா" என்றுதான் சொன்னாள். இங்கே முத்தம் கிடைத்தது. அதுவும் அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

ஆனால் அவள் கேள்வி அப்படியே இருந்தது. திருநாவு அவள் இருக்கும் அறைக்கு வருவதில்லை. ப்ரோமேயோடு உட்கார்ந்து சிரித்துப் பேசுவான். தோஸ் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவான்.

ஷோன் ஃபெலிப்பிதான் ஒரு வழி சொன்னார். சொன்னதை லுத்வினா தமிழில் சொன்னாள். "அவனைப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போடா. நடு பாலத்துல நில்லு. கப்பல் வரும், பாலம் திறக்கும். அப்புறம் எங்க ஓடுவான்?"

சாயங்காலம் மார்க்கெட்டில் மீன் வாங்க வேண்டும் என்று சொல்லித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பாலம் படகுகளின் மேல் கட்டியது. ஒரு முனை கரையோடு கீல் போல இருக்க, மறுமுனை கழன்று, பாலம் முழுவதும் கதவு மாதிரி ஒருபக்கமாகத் திறக்கும். நடுவில் போகும்போது மணி அடித்தது. சிலர் ஓடிக் கரையேறினார்கள். திருநாவும் ஓடப் பார்த்தான். செங்கமலம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். காலுக்குக் கீழே பாலம் லேசாக ஆடி, கரையை விட்டு விலகியது. இரண்டு பக்கமும் தண்ணீர். எதிரே சிவப்பும் பச்சையுமாக வீடுகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து போயின.

"இப்பச் சொல்லுடா" என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான்.

"அவகிட்ட சொன்னதையே சொல்லு. எனக்கும் காது இருக்கு."

"அது... அது நிஜமில்லக்கா."

"என்னது?"

"அவ வந்ததும் என்னைக் கட்டிக்கிட்டா. மன்னிக்கணும்னே வந்த மாதிரி இருந்தா. அப்படி ஒருத்தர் நிக்கும்போது ஏதாவது ஒரு காரணம் சொல்லாம இருக்க முடியுமா? அப்பா அடிச்சாரு, கடல் மேல ஆசை, சின்ன வயசுன்னு வாயில வந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துருச்சு."

"நிஜம் என்னடா?"

தூரத்தில் கப்பல் தெரிந்தது. வீடுகளைவிட உயரமாக, சத்தமில்லாமல் வந்தது.

"அன்னைக்கிக் காலையில சவரம் பண்ணிக்கலாம்னு கடைத்தெருவுக்குப் போனேன். சலூன்ல ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. சரி நிப்போம்னு வெளிய நின்னேன். பஸ் வந்து நின்னுச்சு. ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"மங்கைய உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்துச்சுக்கா. நல்ல பொண்ணு. ஒரு குறையும் சொல்ல முடியாது."

"வேற யாரும்?"

"யாரும் இல்ல. எதுவும் இல்ல. ஏன் ஏறுனேன்னு எனக்குத் தெரியல. இத்தனை வருஷமும் யோசிச்சுப் பாத்துட்டேன். வெல்டிங் வைக்கும்போது யோசிப்பேன், கண்ணாடிக்குள்ள யாரும் மூஞ்சியப் பாக்க முடியாதுல்ல. தெரியலக்கா. சத்தியமா எனக்குத் தெரியல."

கப்பல் பக்கத்தில் வந்து, அவர்கள் மேல் நிழலாக விழுந்து, கடந்துகொண்டே இருந்தது. இந்த இடத்தில் அவனை அறைவதாகத்தான் அவள் ஊரிலிருந்து நினைத்து வந்திருந்தாள். கை கம்பியை விட்டு எழவில்லை. பிடிக்கவில்லை என்றிருந்தால் வையலாம், பயந்தேன் என்றிருந்தால் வையலாம், இன்னொருத்தி என்றிருந்தால் காலத்துக்கும் வையலாம். தெரியவில்லை என்கிறவனை எங்கே பிடித்து வைவது? கோபம் அப்படியே நெஞ்சில் இருந்தது, நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கப்பல் போனதும் பாலம் மறுபடி கரையில் போய் ஒட்டியது. இருவரும் மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தார்கள்.

திரும்பும் நாள் நெருங்கியபோதுதான் அடுத்த சிக்கல். இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே இருக்கை எண். விமானக் கம்பெனியில் கேட்டதற்கு, எத்தனை பேராக வந்தாலும் பயணி ஒருவர்தான், யாரை அனுப்புவது என்பது குடும்பத்தின் விஷயம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

தெரு, தோஸ் இருக்கட்டும் என்றது. ரொசாலினா வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ப்ரோமே நல்லவள்தான், நல்லவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள் என்றாள். செங்கமலத்துக்கும் ஒரு நிமிஷம் இருந்துவிடலாமா என்று தோன்றியது. மன்னித்தவள் வீட்டுக்குப் போகட்டும். நிம்மதியாகச் சோறு வடிக்கட்டும். அதுதானே நியாயம்?

வீடியோவில் ஊருக்குப் போன் போட்டார்கள். பக்கிரிசாமி திரையில் இரண்டு மனைவிகளையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்க" என்றார். "நடவுக்கு ஆள் சொல்லியாச்சு. யாராவது ஒருத்தி வந்து சேருங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அதற்குள் போனை ஒரு கை வாங்கியது. மங்கை. கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது.

"அண்ணி, அவரை மன்னிச்சது யாரு?"

"நான்தான் மங்கை" என்றாள் ப்ரோமே, சிரித்த முகமாக.

"நீங்க அங்கேயே இருங்க அண்ணி. சந்தோஷமா இருங்க. கோவமா இருக்கிறவங்களை அனுப்புங்க."

"ஏம்மா?" என்றான் திருநாவு தன்னை மறந்து. மங்கை அவனைப் பார்க்கவில்லை. அவன் பேசியதே கேட்காதவள் போலத் தொடர்ந்தாள்.

"அன்னைக்கி எல்லாரும் விதின்னாங்க. அம்மா என்னைப் பாத்து ராசியில்லாதவன்னுச்சு. அண்ணன் ஒண்ணுமே சொல்லல. எனக்காகக் கோவப்பட்டது அண்ணி ஒருத்திதான். நீங்க வையும்போது மிஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். அந்த வசவு ஓடலைன்னா எனக்கு அந்த வீட்டுல யாரு இருக்கா?"

லுத்வினா என்ன என்று கேட்க, திருநாவுக்கு அதை அவர்கள் பாஷையில் சொல்ல வரவில்லை.

போகும் நாளில் ப்ரோமே, தோஸின் புடவைக் கொசுவத்தில் ஊக்குக் குத்திவிட்டாள். "என்னைய வேண்டாம்னுட்டாளா அவ?" என்று கேட்டாள். கொஞ்சம் வருத்தம் இருந்தது குரலில்.

"எனக்கும் புரியலடி" என்றாள் செங்கமலம். தன்னையே கட்டிப்பிடித்து அழலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. தெருப்பெண்கள் எல்லோரும் கார் வரைக்கும் வந்து, அவளிடம் கற்றுக்கொண்ட "வெளங்காதவனே" என்ற சொல்லைக் கையசைத்து, மிகுந்த அன்போடு சொல்லி வழியனுப்பினார்கள்.

திருச்சி விமான நிலையத்துக்கு மங்கை தனியாக வந்திருந்தாள். கல்யாணம் நின்றதற்குப் பிறகு அவள் பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்ததில்லை. மத்தியப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னார்கள்.

"கேட்டீங்களா அண்ணி?"

செங்கமலம் பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். வரவில்லை. "கேட்டேன். தெரியலைங்கிறான். சவரம் பண்ணப் போனானாம், பஸ் வந்துச்சாம், ஏறிட்டானாம். ஏன்னு அவனுக்கே தெரியலையாம்."

"என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு குறையும் இல்லைன்னான்."

மங்கை தோசையைப் பிய்த்தபடி இருந்தாள். "பொண்ணு பாக்க வந்தப்ப நான் வாய்விட்டுச் சிரிச்சேன் அண்ணி. முன்பல்லு தூக்கலா தெரியும்ல. அதுதான்னு நெனச்சேன். அப்புறம் நெறமோன்னு நெனச்சேன். ஒரு வருஷம் நடை சரியில்லையோன்னு நெனச்சு, யாரு முன்னாடியும் நடக்காமலே இருந்தேன்." நிமிர்ந்தாள். "ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

மங்கையின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாள் என்று செங்கமலம் கையை நீட்டினாள். அழவில்லை, சிரித்தாள். வாயைக் கையால் மூடாமல், பல் அத்தனையும் தெரிய, கண்ணில் நீர் வழிய, மேசை ஆட ஆடச் சிரித்தாள். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

அப்போது செங்கமலத்தின் போன் அடித்தது. திருநாவு.

"அக்கா, மங்கை வந்திருக்கா."

"எங்க?"

"இங்க. எங்க வீட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. கழுத்துல டேப்பு கெடக்குது. ஒண்ணும் கேக்கல. பேசல. சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே இருக்கா. தெருவெல்லாம் கூடிருச்சு, லுத்வினா காப்பி கொண்டாந்து வச்சிருக்கா. நான் முன்னாடி வந்து நிக்கிறேன், என்னைப் பாக்கவே மாட்டேங்கிறா. நான் என்னக்கா செய்யட்டும்?"

செங்கமலம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மங்கையிடம் கேட்டாள். "நீ அங்க போயிருக்கியாம். தம்பி முன்னாடி நிக்கிறானாம். என்ன செய்யணும்னு கேக்குறான்."

மங்கை மீதித் தோசையைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டு, மென்று விழுங்கினாள்.

"அவரைப் பாக்கவா அவ்வளவு தூரம் போனேன்?" என்றாள். "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க அண்ணி. கடலை மறைக்கிறாரு."